காதலும் மர்மமும் நூறு பக்கத்தில்

மாத நாவல் என்பது ஒரு முழுக் கதையை ஒரே இதழில் முடித்துத் தரும் சிறு புத்தகம். தொடர்கதைபோல அடுத்த வாரத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பெரிய நாவல்போல பல நாள் ஒதுக்கவும் வேண்டாம். அரக்கோணம் மின்ரயிலில் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் வேலைக்குப் போய்வருகிறவர் போகும்போது பாதியும் திரும்பும்போது மீதியும் படித்துவிடலாம். ஆங்கிலத்தில் இதற்கு நெருங்கிய உறவு ரீஜென்சி காதல் குறுநாவல். இரண்டிலும் காதல்தான் உயிர். மர்மம் அதற்கு வேகம் கொடுக்கிறது. பண்டிகை அதற்குக் களம் அமைக்கிறது.

தமிழ் வழி

தமிழில் காதலும் குற்றமும் ஒரே கதைக்குள் கைகோத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஜே.ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' 1908இல் வெளிவந்தது. திருமணத்துக்குக் காத்திருக்கும் காதலர்கள், குறுக்கே நிற்கும் சூழ்ச்சி, கொலைப் பழி, உண்மையைக் கண்டுபிடிக்கும் துப்பறிவாளர் கோவிந்தன் என்று பின்னால் வந்தவர்கள் எடுத்தாண்ட பொருள்கள் பலவும் அதில் இருந்தன. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரும் ஆங்கிலக் கதைகளைத் தமிழ்ச் சூழலுக்கு மாற்றி எழுதி வாசகர் கூட்டத்தை வளர்த்தார்கள். வை.மு. கோதைநாயகி 1925இலிருந்து 'ஜகன்மோகினி' இதழை நடத்தி, நூற்றுப் பதினைந்து நாவல்கள் எழுதினார். பெண்கள் கதை படிப்பதையே தவறாகப் பார்த்த காலத்தில் ஒரு பெண் எழுதி, பதிப்பித்து, பெண்களிடம் கொண்டுசேர்த்த சாதனை அது.

ராணிமுத்து, மாலைமதி போன்ற மாத வெளியீடுகள் நாவலைப் பெட்டிக்கடைக்குக் கொண்டுவந்தன. 1980களில் ஜி. அசோகன் வெளியிட்ட பாக்கெட் நாவலும் அதன் சகோதர இதழ்களும் பேருந்து நிலையங்களிலும் ரயில் நிலையக் கடைகளிலும் வரிசையாகத் தொங்கின. கோவையைச் சேர்ந்த ராஜேஷ்குமார் மட்டும் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியிருக்கிறார்.

அந்தக் காலத் துப்பறியும் கதைகளில் ஒரு பொது அமைப்பு உண்டு. பட்டுக்கோட்டை பிரபாகருக்குப் பரத்–சுசீலா, ராஜேஷ்குமாருக்கு விவேக்–ரூபலா, சுபாவுக்கு நரேந்திரன்–வைஜயந்தி என்று துப்பறிகிறவர்கள் ஜோடியாகவே வருகிறார்கள். கொலையாளியைத் தேடும் பக்கங்களுக்கு நடுவே இவர்களின் சீண்டலும் செல்லச் சண்டையும் ஓடும். வாசகர் குற்றத்துக்காக வாங்கி, ஜோடிக்காக மறுமாதமும் வாங்கினார். மறுபக்கம் ரமணிசந்திரன் குற்றத்தை ஓரமாக வைத்து, தவறான புரிதலையே மர்மமாக்கினார். நாயகன் ஏன் இப்படி நடந்துகொள்கிறான் என்ற கேள்விதான் அவர் கதைகளில் வாசகியைக் கடைசிப் பக்கம்வரை இழுத்துச் செல்லும் முடிச்சு.

ரீஜென்சி என்னும் களம்

இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜ் மனநலம் குன்றி ஆள முடியாமல் போனபோது, 1811இல் அவருடைய மகன் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். 1820இல் அரசர் இறக்கும்வரை நீடித்த அந்த ஒன்பது ஆண்டுகளே ரீஜென்சி காலம். ஜேன் ஆஸ்டினின் நாவல்கள் அச்சேறியது அப்போதுதான். அந்தக் காலத்தைத் திரும்பிப் பார்த்து எழுதும் தனி வகையை ஜார்ஜெட் ஹேயர் 1935இல் 'ரீஜென்சி பக்' நாவலோடு தொடங்கி நிலைநிறுத்தினார். பிறகு வந்த குறுநாவல்கள் பெரும்பாலும் அவர் போட்ட பாதையில் நடப்பவை.

இந்தக் கதைகளின் விதிகள் தமிழ் வாசகருக்கு அந்நியமானவை அல்ல. மணமாகாத இளம்பெண் துணையில்லாமல் வெளியே போகக் கூடாது. சொத்து ஆண் வாரிசுக்கே போகும். பெண்ணின் எதிர்காலம் திருமணத்தில் தொங்கும். ஊர்ப் பேச்சு ஒரு குடும்பத்தையே கவிழ்த்துவிடும். ராஜீவ் மேனன் 2000இல் இயக்கிய 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' இதை நிரூபித்தது. ஆஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' செட்டிநாட்டுக்கு வந்தது. வீட்டை இழந்து சென்னைக்கு வரும் தாயும் மகள்களும் தமிழ்க் குடும்பமாகவே நின்றார்கள்.

உண்மை வரலாற்றிலும் ஒரு தொடர்பு உண்டு. ஆஸ்டினின் அத்தை பிலடெல்பியா, வரதட்சணைக்கு வழியில்லாத இளம்பெண்ணாக 1752இல் சென்னைக்குக் கப்பலேறி வந்தார். மறுஆண்டு கடலூரில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் டைசோ சால் ஹான்காக்கை மணந்தார். மாப்பிள்ளை தேடிக் கடல் கடந்த அத்தையின் வாழ்க்கை, மருமகள் எழுதிய உலகம் எவ்வளவு கடுமையானது என்பதைக் காட்டுகிறது. திரையிலும் இந்தத் தொடர்பு தெரிகிறது: ரீஜென்சி காலத்தில் நடக்கும் 'பிரிட்ஜர்டன்' தொலைக்காட்சித் தொடரின், 2022இல் வந்த இரண்டாம் பருவத்தில் ஷர்மா சகோதரிகளாக நடித்த சிமோன் ஆஷ்லி, சரித்ரா சந்திரன் இருவரும் தமிழ் மரபில் வந்தவர்கள்.

மர்மமும் பண்டிகையும்

குறுநாவலில் இடம் குறைவு. ஆகவே ஒரே வீடு, ஏழெட்டுப் பேர், சில நாட்கள் என்று கதை சுருங்க வேண்டும். காணாமல் போன நகை, கையெழுத்தில்லாத கடிதம், வாரிசின் உயிருக்கு வரும் ஆபத்து போன்றவை இந்த அளவுக்குப் பொருந்தும். ஹேயரின் 'தி கொயட் ஜென்டில்மேன்' (1951) முழுநீள நாவல் என்றாலும் இதற்கு நல்ல முன்மாதிரி. போரிலிருந்து கோட்டைக்குத் திரும்பும் பிரபுவைக் கொல்ல யாரோ முயல்கிறார்கள். நிதானமான ஒரு பெண் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அவருக்குத் துணை நிற்கிறாள். யாரை நம்புவது என்ற கேள்வி துப்பறிவுக்கும் காதலுக்கும் பொதுவானது. அதனால்தான் இரண்டும் இத்தனை எளிதாகச் சேர்கின்றன.

பண்டிகையின் வேலை, பிரிந்தவர்களை ஒரே கூரையின் கீழ் கொண்டுவருவது. ரீஜென்சி கிறிஸ்துமஸ் ஜனவரி 6 வரை நீண்டது. விருந்தினர் பல நாள் தங்கினார்கள், பனி விழுந்தால் புறப்படவும் முடியாது. 1843இல் டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கேரல்' பெற்ற வரவேற்பு, பண்டிகைக்கென்றே சிறு புத்தகம் எழுதும் வழக்கத்தை வலுப்படுத்தியது. தமிழில் அந்த இடம் தீபாவளி மலர்களுடையது. தலைதீபாவளிக்கு வரும் மாப்பிள்ளை, பேச்சுவார்த்தை நின்றுபோன சம்பந்தி, ஊரிலிருந்து திரும்பும் மகன் என்று அத்தனை பேரும் எண்ணெய்க் குளியலுக்கு ஒரே வீட்டில் கூடும்போது கதைக்கு வேறு சாக்கு வேண்டாம்.

படிக்கும் முறை

முடிவு தெரிந்துதான் இந்தப் புத்தகங்களைத் திறக்கிறோம்: ஜோடி சேரும், குற்றவாளி பிடிபடுவான். சுவை, அந்த முடிவுக்குக் கதை போகும் வழியில் இருக்கிறது. நல்ல குறுநாவல் துப்பைத் தொடக்கப் பக்கங்களிலேயே கண்ணெதிரே வைத்துவிடும். மோசமானது கடைசியில் புதிய ஆளைக் கொண்டுவந்து நிறுத்தும். ட்யூக், மார்க்வெஸ், ஏர்ல், விஸ்கவுண்ட், பாரன் என்ற பட்டங்கள் மேலிருந்து கீழாக இந்த வரிசையில் அமைந்தவை என்பது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

கேள்வி கேட்டுப் படிப்பதும் அவசியம். ரீஜென்சிப் பிரபுக்கள் பலருடைய செல்வத்துக்குப் பின்னால் அடிமைகள் உழைத்த தோட்டங்களும் காலனிகளும் இருந்தன. பிரிட்டன் 1807இல் அடிமை வணிகத்தைத் தடை செய்தபோதும் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல்தான் வந்தது. தமிழ்க் காதல் கதைகளிலும் ஆணின் முரட்டுத்தனம் அன்பாகக் காட்டப்படும் இடங்கள் உண்டு. ரசிப்பதற்கு இவற்றை மறைக்க வேண்டியதில்லை, தெரிந்து ரசிக்கலாம்.

தொலைக்காட்சித் தொடர்களும் கைபேசியும் வந்தபின் கடைகளில் மாத நாவல்கள் குறைந்தன. அந்த வாசிப்பு இப்போது கிண்டில், புஸ்தகா, பிரதிலிபி போன்ற தளங்களில் தொடர்கிறது. 2008இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம், பிரீத்தம் கே. சக்ரவர்த்தியின் மொழிபெயர்ப்பில் இக்கதைகளின் தொகுப்பை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது அவற்றுக்கு வெளியுலகிலும் கவனம் கிடைத்தது. ஆனால் மலிவுத் தாளில் அச்சான மூலப் புத்தகங்கள் வேகமாகப் பொடிந்துவருகின்றன. சென்னைத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தமிழ் அச்சு மரபைப் பாதுகாத்துவருகிறது. வீட்டுப் பரணில் பழைய மாத நாவல் கட்டு இருந்தால், எடைக்குப் போடுமுன் அத்தகைய நூலகம் ஒன்றிடம் கேட்டுப் பாருங்கள். தமிழர் எதைப் பேராவலோடு படித்தார்கள் என்பதற்கு அவைதான் சான்று.