அலறும் சைரன்: சாவி யாரிடம்?

இரவு இரண்டு மணிக்கு நாமக்கல் மாவட்டம் எருமப்பட்டி கடைவீதியில் பூட்டிக் கிடக்கும் ஒரு நகைக்கடையின் சைரன் அலறத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நாய்கள் குரைக்கும். அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் டார்ச் விளக்கோடு வந்து ஷட்டரைப் பார்ப்பார்கள். பூட்டு போட்டபடியே இருக்கும். கடைக்காரர் வெளியூரில் இருக்கிறார், போனை எடுக்கவில்லை. திருடன் இல்லை என்பது தெரிந்துவிட்டது. ஆனால் சத்தத்தை நிறுத்துவது யார்?

வெளிச்சுவரில் மாட்டும் சைரன்கள் பலவும் ஒரு மீட்டர் தூரத்தில் 110 டெசிபல் அளவுக்கு ஒலிப்பவை. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும். அந்தக் கணக்கில் 10 மீட்டரில் 90, 100 மீட்டரில் 70. மனிதக் காதுக்குழாயின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். அதனால் 3,000 ஹெர்ட்ஸ் அருகே வரும் ஒலியை அது இயல்பாகவே பெருக்கித் தருகிறது. சைரன்கள் பெரும்பாலும் அந்த அதிர்வெண்ணை ஒட்டியே கீச்சிடுகின்றன. தூங்குபவரை எழுப்பவே செய்த கருவி அது. திருடன் வந்த இரவில் அது வரம். வராத இரவில் கைக்குழந்தைக்கும் நோயாளிக்கும் விடிகாலையில் லாரி எடுக்க வேண்டிய ஓட்டுநருக்கும் தண்டனை.

வராத இரவுகள்தான் அதிகம். அறையில் ஆள் நடமாட்டத்தைப் பார்க்கும் சென்சார், உடலிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரில் ஏற்படும் மாற்றத்தை உணர்கிறது. அதன் முகப்பில் உள்ள வில்லை அறையைப் பல பட்டைகளாகப் பிரித்துப் பார்க்கிறது. அந்த வில்லையின் மேலேயே ஒரு பல்லியோ சிலந்தியோ ஊர்ந்தால், ஒரே நேரத்தில் பல பட்டைகள் மறைந்து, அந்தச் சிறு உயிரே பெரிய உருவமாகத் தெரிந்துவிடும். சித்திரை வெயிலில் சுவரின் சூடு மனிதத் தோலின் சூட்டை நெருங்கும்போது இன்னொரு சிக்கல் வரும். ஆளுக்கும் சுவருக்கும் வேறுபாடு குறைவதால் சென்சார் திருடனையே தவறவிடலாம். அதற்குப் பயந்து உணர்திறனைக் கூட்டி வைத்தால், எலி ஓடினாலும் அலறும்.

ஷட்டரில் பொருத்தும் காந்த சுவிட்சுக்கு வேறு பகை. ஆடிக் காற்றில் தளர்ந்த ஷட்டர் ஆடினால் காந்தம் விலகும். கதவு திறந்துவிட்டது என்று கருவி முடிவு செய்யும். பெட்டகங்களில் உள்ள அதிர்வு சென்சாரைக் கனரக லாரியும் இடியும் ஏமாற்றக்கூடும். பழைய பேட்டரி இருந்தால் மின்தடையே போதும். மின்னழுத்தம் சரிந்ததும், யாரோ வயரை வெட்டிவிட்டதாக எண்ணிச் சில கருவிகள் கூவத் தொடங்கும்.

அமெரிக்காவில் திருட்டு அலாரங்களால் போலீசுக்கு வரும் அழைப்புகளில் 94 முதல் 98 சதவீதம் பொய்யானவை என்று அந்நாட்டு நீதித் துறையின் வழிகாட்டி நூல் ஒன்று கணக்கிட்டது. சால்ட் லேக் சிட்டி நகரம் 2000ஆம் ஆண்டு இறுதியில் ஒரு விதி கொண்டுவந்தது. தனியார் காவலரோ மற்றவரோ நேரில் பார்த்து உறுதி செய்த பிறகுதான் போலீஸ் வரும். அலாரத்துக்காகப் போலீசார் ஓட வேண்டியிருந்த அழைப்புகள் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு குறைந்தன. பொய்யாக அடித்த ஒவ்வொரு மணியும் அடுத்த மணியின் மதிப்பைக் குறைக்கிறது. 'புலி வருது' என்று கத்திய சிறுவனுக்கு நேர்ந்ததை உளவியலாளர் ஷ்லோமோ பிரெஸ்னிட்ஸ் 1984இல் ஒரு முழு ஆய்வு நூலாகவே எழுதினார்.

நம் சட்டம் என்ன சொல்கிறது? ஒலி மாசு விதிகள் 2000இன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல், வணிகப் பகுதியில் 55 டெசிபல் வரம்பு. ஆனால் இவை அந்த நேரம் முழுவதற்குமான சராசரி அளவுகள். வணிகப் பகுதியிலேயே 100 மீட்டர் தள்ளியுள்ள வீட்டுவாசலில் 70 டெசிபலாகப் பத்து நிமிடம் சைரன் கேட்கிறது, மற்ற நேரம் முழு அமைதி என்று கொள்ளுங்கள். எட்டு மணி நேரத்துக்குப் பரப்பினால் சராசரி 53தான் வரும். வணிகப் பகுதி வரம்பை அது தாண்டவில்லை. தூக்கம் கெட்டது உண்மை. அளவுகோல் அதைப் பிடிக்கவில்லை.

2005 ஜூலை 18 அன்று தலைமை நீதிபதி லஹோட்டி தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு ஒலி மாசு பற்றி விரிவான தீர்ப்பு தந்தது. அதன் கவனம் ஒலிபெருக்கி, பட்டாசு, வாகன ஹாரன் மீது இருந்தது. பூட்டிய கடையின் சைரனுக்கென்று விதிகளில் தனி வரி கிடையாது. பொதுத் தொல்லையை அகற்ற நிர்வாக நடுவர் உத்தரவிடலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. நோட்டீஸ், விசாரணை என்று நகரும் அந்த வழி, நள்ளிரவில் அலறும் பெட்டிக்கு உதவாது.

இங்கிலாந்தும் வேல்ஸும் இதே தலைவலியை உள்ளாட்சி மன்றங்களிடம் ஒப்படைத்தன. இருபது நிமிடத்தில் தானே நின்றுவிடும் சைரன் வேண்டும் என்று 1982ஆம் ஆண்டின் நடைமுறைக் குறிப்பு பரிந்துரைத்தது. 2005இல் வந்த சுற்றுப்புறத் தூய்மைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. மன்றம் ஒரு பகுதியை அறிவித்துவிட்டால், அங்கே அலாரம் வைத்திருப்பவர் சாவிக்காரர் ஒருவரை நியமித்துப் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். சாவியும் அலாரத்தை நிறுத்தும் விவரமும் அவரிடம் இருக்க வேண்டும். தொடர்ந்து இருபது நிமிடமோ, விட்டுவிட்டு ஒரு மணி நேரமோ ஒலித்து அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை தந்தால் மன்ற அலுவலர் உள்ளே போய் நிறுத்தலாம். கதவை உடைக்க வேண்டுமென்றால் நடுவரின் வாரண்ட் வேண்டும். வேலை முடிந்ததும் இடத்தை முன்பிருந்தபடியே பாதுகாப்பாக அடைத்துவிட்டு வர வேண்டும்.

திருட்டு பயம் வெறும் கற்பனை இல்லை. 2024 செப்டம்பர் 27 அன்று, திருச்சூரில் மூன்று ஏ.டி.எம்.களை கேஸ் கட்டரால் உடைத்த கும்பல் ஒன்று கன்டெய்னர் லாரியில் காரை மறைத்துக்கொண்டு நாமக்கல் மாவட்டம் குமாரபாளையம் அருகே வந்தபோது பிடிபட்டது. ஒருவர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார், போலீசாரும் காயமடைந்தனர். இரு மாநிலக் காவல் துறைகளுக்கிடையே ஓடிய தகவல்தான் அந்தக் கும்பலை மடக்க உதவியது. சைரனைப் பிடுங்கி எறியச் சொல்வது இந்தக் கட்டுரையின் நோக்கம் அல்ல. அது அடித்தால் ஊர் நம்பி எழ வேண்டும், அதுதான் வேண்டுவது.

எருமப்பட்டி போன்ற பேரூராட்சியால் இப்படிச் சாவிக்காரர் பதிவேடு வைக்க முடியும். பெரிய நிதியும் தேவையில்லை. வணிக உரிமம் புதுப்பிக்க வரும் கடைக்காரரிடம், அலாரம் இருக்கிறதா, இருந்தால் உள்ளூரில் சாவி வைத்திருப்பவர் யார், அவருடைய போன் எண் என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம். வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் போர்வெல் வண்டியோடு வெளி மாநிலம் போகும் குடும்பங்களையும் பதிவு செய்யச் சொல்லலாம். ஒரு நகல் செயல் அலுவலரிடமும் இன்னொன்று காவல் நிலையத்திலும் இருந்தால், இரவு ரோந்துக்காரர் பத்து நிமிடத்தில் சாவிக்காரரை வரவழைத்துவிடுவார். பெயரும் எண்ணும் ஊரார் கண்ணில் படாமல் பூட்டி வைப்பது அவசியம்; எந்த வீடு காலி என்ற பட்டியலும் அதுவே.

கடைக்காரர்கள் பங்குக்கு மூன்று வேலைகள் உண்டு. சைரன் தானே நிற்கும் நேரத்தை மெக்கானிக்கிடம் சொல்லி இருபது நிமிடத்துக்குள் வைப்பது, சென்சார் வில்லையை மாதம் ஒருமுறை துடைப்பது, சோர்ந்துபோன பேட்டரியை மழைக்காலத்துக்கு முன்பே மாற்றுவது. மீதி வேலை பேரூராட்சி மன்றத்தினுடையது: அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானமும், ஒரு பதிவேடும்.