நாடகம் போட்டு மனசுக்கு வைத்தியம்

குடி, வரதட்சணைன்னு வீதி நாடகம் போட்டால் நம்ம உறுப்பினர்கள் அசத்திடுவாங்க. மனசுக் காயத்தை ஆற்றவும் நாடகம் உண்டு. அதற்கு நாடக சிகிச்சை என்று பெயர். இங்கிலாந்தில் முதுகலைப் படிப்பு முடித்து, சட்டப்படி பதிவு செய்தவர்தான் இந்த வேலையைப் பார்க்கலாம். 1976-லேயே இவர்களுக்குச் சங்கம் அமைந்தது. மருத்துவமனை, பள்ளிக்கூடம், சிறைச்சாலை என்று பல இடங்களில் வேலை செய்கிறார்கள்.

நடிப்பு சொல்லித் தருவது இவர்கள் வேலை இல்லை. மேடை கிடையாது, வேடிக்கை பார்க்க ஆளும் கிடையாது. சின்னக் குழு, பேசியது வெளியே போகாது. அடிபட்ட பெண்ணிடம், "உனக்கு நடந்ததை நடிச்சுக் காட்டு" என்று எடுத்தவுடன் கேட்கமாட்டார்கள். ஒரு பொம்மையைக் கொடுப்பார்கள், இல்லாவிட்டால் கதையில் வரும் ராணி வேஷம். தன் வாயால் சொல்ல முடியாததை ராணி வாயால் சொல்லிடலாம். கதைதானே!

முடிந்ததும் வேஷத்தோடு வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். துணியைக் கழற்றி, கை காலை உதறி, "நான் ராணி இல்லை" என்று தன் பேரைச் சொன்ன பிறகுதான் அனுப்புவார்கள். சாமி வந்தவங்களை விபூதி பூசி மலையேத்துறோமே, கிட்டத்தட்ட அப்படித்தான்.

நம்ம வீதி நாடகத்தில் குடிகாரன் மனைவி வேஷத்துக்கு, வீட்டில் அதே கஷ்டம் படுகிறவரை, "நீதான் பொருத்தம்" என்று இழுத்துவிடக் கூடாது. நாலு பேர் முன்னால் அவர் உடைந்து போனால் தாங்கிப் பிடிக்க அங்கே சிகிச்சையாளர் இல்லை. வேறு வேஷம் கேட்டால் கொடுங்கள். ராத்திரி தூக்கமில்லை, படபடப்பு என்றால் 14416-க்குப் போன் போடலாம். அரசின் இலவச மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம்.