பெருஞ்சாமையும் ஒரு புது ஃப்ரெண்டும்!

“நூவோ ஆமி!”

புது நண்பனை ஃப்ரெஞ்சுல சொல்லச் சொன்னாங்க, சொன்னேன். மொத்த கிளாஸும் கொல்லுனு சிரிச்சிருச்சு. அடுத்த மாசம் டெல்ஃப் ஏ1 பரீட்சை. அதுல பேச்சுத் தேர்வும் உண்டு. பாஸ் பண்ணினாதான் ஃப்ரான்ஸ் இன்டர்ன்ஷிப்புக்கு அப்ளிகேஷனே போட முடியும். வயித்துல புளி கரைஞ்சது பாஸ்!

சிக்கல் இதுதான். ‘நூவோ’ன்னா புதிய. பின்னால ஆண்பால் சொல் உயிர்ச் சத்தத்துல ஆரம்பிச்சா, அது ‘நூவெல்’ ஆகிடும். அந்த ‘ல்’ மேல ‘ஆ’ ஏறி உட்கார்ந்துக்கும். நூ-வெ-லா-மி. அசை பிரியற இடம் வேற, வார்த்தை பிரியற இடம் வேற. அழகைக் குறிக்கிற ‘போ’, ‘பெல்’ ஆகறதும் இதே கதைதான். இதுல ஒரு கூத்து... தோழிக்கும் அதே ‘நூவெலாமி’தான். எழுத்து மாறும், சத்தம் மாறாது. வீட்ல போன் பேசறப்ப வசதி! ஆனா, ‘என்’னுங்கறதுக்கு முன்னால ‘மோ’வா, ‘மா’வான்னு சொல்லணும். அங்க மாட்டிக்குவோம்.

இந்தக் குழப்பத்தோட 70 கொண்டை ஊசி வளைவு ஏறி கொல்லிமலைக்கு வந்தேன். இங்கே இருக்கற 14 நாடுகள்ல எடப்புளி நாடு நம்மளது. மரவள்ளி வந்த பிறகு மலையில சாமைக் காடு சுருங்கிப் போச்சு. ஆனா பாட்டி வாயில பேரெல்லாம் பத்திரமா இருக்கு. சடஞ்சாமை, பெருஞ்சாமை, பெருங்கேழ்வரகு...

அட! ஒரே ‘பெரு’தான். சாமை வந்தா ‘ஞ்’, கேழ்வரகு வந்தா ‘ங்’. உயிர் வந்தா? ஆகாய கங்கையை ‘பெருஅருவி’ன்னா சொல்வோம்? பேரருவி! பே-ர-ரு-வி. ‘பேர்’ங்கறதோட ‘ர்’, ‘அ’வோட ஒட்டிக்குது. சிறுமலை, ஆனா சிற்றூர். பவணந்தி முனிவர் 13-ம் நூற்றாண்டுலயே நன்னூல்ல இதுக்கெல்லாம் விதி எழுதி வச்சுட்டார். பத்தாவதுல ‘ஈறுபோதல், ஆதிநீடல்’னு ரெண்டு மார்க்குக்கு உருப்போட்டேனே, அதுதான் இது! அன்னிக்கு மட்டும் யாராவது சாமையை வச்சு சொல்லிக் கொடுத்திருந்தா...

நமக்கு ஒரு நிம்மதி, நல்ல பையன், நல்ல பொண்ணு ரெண்டுக்கும் ஒரே ‘நல்ல’. ஃப்ரெஞ்சுல அதையும் மாத்தணும். அதை இன்னும் உருப்போட்டுட்டுத்தான் இருக்கேன்.

களத்து மேட்டுல உட்கார்ந்து சத்தமா பத்து தடவை சொல்லிப் பார்த்தேன். “நூவெலாமி, நூவெலாமி...”

முறத்தைக் கீழ வச்சுட்டு பாட்டி கேட்டுச்சு: “அது எந்த ஊர்ச் சாமைடா?”