சராசரியில் மறைந்துபோன மரபணு

கல்லீரல் செல்லிலும் தோல் செல்லிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுப்புதான். எந்த மரபணு எங்கே எவ்வளவு வேலை செய்கிறது என்பதில்தான் வித்தியாசம். இதை மரபணு வெளிப்பாடு என்கிறார்கள். செல் புற்றாக மாறும்போது இந்த ஒழுங்கு குலைகிறது. சும்மா இருக்கவேண்டிய மரபணு ஓயாமல் இயங்கும். காவல் காக்கவேண்டியது அடங்கிப்போகும்.

இதை அளக்க 1990களின் இறுதியில் பரவலான கருவி மைக்ரோஅரே. ஒரு கண்ணாடிச் சில்லில் ஆயிரக்கணக்கான நுண்புள்ளிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு மரபணுவின் டிஎன்ஏ இழை. கட்டியில் மரபணுக்கள் இயங்கும்போது உருவாகும் ஆர்என்ஏவை டிஎன்ஏ நகலாக்கிச் சிவப்புச் சாயம் ஏற்றுவார்கள். நல்ல திசுவின் நகலுக்குப் பச்சை. இரண்டையும் கலந்து சில்லின்மேல் விட்டால், ஒவ்வொரு இழையும் தனக்குப் பொருந்தும் புள்ளியில் போய் ஒட்டிக்கொள்ளும். லேசர் பட்டதும் சிவப்பாக ஒளிரும் புள்ளி, கட்டியில் மிகையாக இயங்கும் மரபணுவைக் காட்டிக்கொடுக்கும். பச்சை என்றால் அங்கே அடங்கிவிட்டது. மஞ்சள் என்றால் இரண்டிலும் சமம்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நோயியல் ஆய்வாளரான அருள் சின்னையனும் குழுவினரும் 2001இல் புராஸ்டேட் புற்றை இப்படி அளந்து வெளியிட்டார்கள். ஆனால் அவர்கள் செய்ததில் நான் பெரிதாக மதிப்பது அடுத்த வேலையைத்தான். உலகெங்கும் பலர் அளந்து வெளியிட்டிருந்த தரவுகளைத் திரட்டி, ஆன்கோமைன் என்ற தரவுத்தளத்தில் ஒன்றுசேர்த்தார்கள். ஒரு கட்டுரையோடு முடிந்துபோயிருக்கும் எண்கள், புதிய கேள்விகளுக்கும் பதில் சொல்லத் தொடங்கின.

அந்தக் கேள்விகளில் ஒன்று எல்லாவற்றையும் மாற்றியது. வழக்கமாகக் கட்டிகளின் சராசரியையும் நல்ல திசுக்களின் சராசரியையும்தான் ஒப்பிடுவார்கள். வகுப்பில் நான்கைந்து பேர் மட்டும் நூற்றுக்கு நூறு வாங்கினால் வகுப்புச் சராசரி அதைக் காட்டாது அல்லவா? அதேபோல, சில நோயாளிகளிடம் மட்டும் கொதித்தெழும் மரபணு இந்த ஒப்பீட்டில் கண்ணில் படாது. மாணவர் ஸ்காட் டாம்லின்ஸும் மற்றவர்களும் கையாண்ட 'கோப்பா' என்ற முறை, ஒவ்வொரு மரபணுவின் இடைநிலை மதிப்பையும் பூஜ்யமாக வைத்து, அதிலிருந்து வெகுதூரம் விலகி நிற்கும் மாதிரிகளைத் தேடியது. புராஸ்டேட் புற்றில் ஈஆர்ஜி, இடிவி1 என்ற இரு மரபணுக்கள் மேலே வந்தன. ஒரே கட்டியில் இரண்டும் சேர்ந்து எகிறவில்லை; ஒன்று இருந்த இடத்தில் மற்றது இல்லை.

காரணத்தைத் தேடி அந்த மரபணுக்களின் ஆர்என்ஏ முனையைப் படித்தபோது, அங்கே வேறொரு மரபணு ஒட்டியிருந்தது. அதன் பெயர் டிஎம்பிஆர்எஸ்எஸ்2. கொரோனா வைரஸ் நம் செல்லுக்குள் நுழையத் துணைபோவதாகப் பின்னாளில் பேசப்பட்டதும் இதுவேதான். ஆண் ஹார்மோன் சொல்லும்போது இயங்குவது இதன் இயல்பு. 21ஆம் குரோமோசோமில் இதற்கும் ஈஆர்ஜிக்கும் இடையே ஏறத்தாழ 30 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள் இருக்கின்றன. பல கட்டிகளில் அந்த இடைப்பகுதி அறுந்து விழுந்து இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. அதன்பின் ஹார்மோன் வரும்போதெல்லாம் ஈஆர்ஜி தட்டியெழுப்பப்படுகிறது. 2005இல் சயின்ஸ் இதழில் வந்த கட்டுரையில், சோதித்த 29 புற்று மாதிரிகளில் 23இல் ஈஆர்ஜி, இடிவி1 இரண்டில் ஒன்று இடம்மாறியிருந்தது.

இத்தகைய மரபணு இணைப்பு பெரும்பாலும் ரத்தப் புற்றுக்கே உரியது என்று பலரும் நம்பியிருந்த காலம் அது. பரவலாகக் காணப்படும் ஒரு திடக்கட்டியிலும் அது சர்வசாதாரணம் என்று தெரிந்ததும் மற்ற உறுப்புகளிலும் தேட ஊக்கம் பிறந்தது.

நோயாளிக்கு இதனால் என்ன பயன்? புராஸ்டேட் புற்றைக் கண்டறியச் செய்யும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை, வயதானால் வரும் சாதாரண புராஸ்டேட் வீக்கத்திலும் கூடிக் காட்டும்; பலர் தேவையில்லாமல் ஊசி குத்தித் திசு எடுக்கும் வேதனைக்கு ஆளாகிறார்கள். இணைந்த மரபணுவோ புற்றுக்கே உரிய அடையாளம். அதன் ஆர்என்ஏ சிறுநீரில் வருவதால், அதையும் பிசிஏ3 என்ற இன்னொரு ஆர்என்ஏவையும் பிஎஸ்ஏ அளவோடு சேர்த்துக் கணிக்கும் சிறுநீர்ப் பரிசோதனையை மிச்சிகன் குழு உருவாக்கியது.

சிகிச்சைதான் இன்னும் கடினமாக இருக்கிறது. நுரையீரல் புற்றில் 2007இல் கண்டறியப்பட்ட இஎம்எல்4-ஏஎல்கே இணைப்புக்கு 2011இலேயே கிரிசோடினிப் மருந்து வந்துவிட்டது. ஏஎல்கே ஒரு நொதி என்பதால், மருந்து போய் அடைத்துக்கொள்ள அதில் ஒரு குழி உண்டு. ஈஆர்ஜி புரதம் டிஎன்ஏவைப் பற்றிக்கொண்டு மற்ற மரபணுக்களை இயக்குவது. அப்படி வசதியான குழி அதில் இல்லை. அதை நேரடியாக அடக்கும் மருந்து எதுவும் இன்னும் மருத்துவப் பயன்பாட்டுக்கு வரவில்லை.