ஒயின் இறங்கி வந்த வழியில்: டோரு பள்ளத்தாக்குப் பயணம்

ஸ்பெயினின் வட மலைகளில் பிறந்து ஏறத்தாழ 900 கிலோமீட்டர் மேற்கு நோக்கி ஓடி, போர்ட்டோ நகரின் அருகே அட்லாண்டிக் பெருங்கடலில் கலக்கும் டோரு ஆறு, போர்ச்சுக்கல் எல்லைக்குள் தன் பாதையின் பெரும்பகுதியைச் செங்குத்தான மலைச்சரிவுகளுக்கு நடுவிலேயே கடக்கிறது. அச்சரிவுகளில் விளையும் திராட்சையிலிருந்துதான் போர்ட் எனப்படும் இனிப்பும் வீரியமும் மிக்க ஒயின் பிறக்கிறது. காலையில் போர்ட்டோவில் பேருந்தேறி மாலையில் திரும்பிவிடும் ஒருநாள் சுற்றுலாவே பலருக்கும் போதுமானதாகத் தோன்றினாலும், அதில் காணக்கிடைப்பது பள்ளத்தாக்கின் வாசற்பகுதி மட்டுமே. ஒயின் எத்திசையில் பயணம் செய்ததோ அத்திசையிலேயே, அதாவது மேல்ஆற்றில் தொடங்கிக் கடல் நோக்கி இறங்கி வருமாறு, நான்கைந்து நாட்களுக்குப் பயணத்தை அமைத்துக்கொள்பவருக்கே இந்த நிலமும் அதன் ஒயினும் ஒன்றையொன்று விளக்கும்.

இப்பரிந்துரைக்கு அடிப்படை, பள்ளத்தாக்கின் தட்பவெப்பம் கிழக்கே செல்லச் செல்ல மாறிக்கொண்டே போவதாகும். கடலிலிருந்து வரும் மழைமேகங்களை மேற்கிலுள்ள மராவ் மலைத்தொடர் தடுத்துவிடுவதால், அதையொட்டிய பாய்ஷோ கோர்கோ என்னும் கீழ்ப்பகுதி ஓரளவு ஈரமாகவும், பின்யாவ் என்னும் சிற்றூரைச் சுற்றிய சிமா கோர்கோ என்னும் நடுப்பகுதி வறண்டும், ஸ்பெயின் எல்லை வரை நீளும் டோரு சுப்பீரியோர் என்னும் மேல்பகுதி கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் அளவுக்குக் கடுமையாகவும் உள்ளன. ஒருநாள் சுற்றுலாக்கள் பலவும் இவற்றுள் முதற்பகுதியைச் சுற்றிவிட்டு, நடுப்பகுதியை எட்டிப் பார்ப்பதோடு நின்றுவிடுகின்றன.

மண் என்று சொல்லத்தக்கது அங்கே மிகக் குறைவு. சிஸ்ட் எனப்படும், தகடு தகடாகப் பிளக்கும் பாறையே எங்கும் நிறைந்திருக்கிறது. அத்தகடுகள் பல இடங்களில் அலமாரியில் அடுக்கிய புத்தகங்களைப் போல நிமிர்ந்து நிற்பதால், திராட்சைக் கொடியின் வேர் இடுக்குகளின் வழியே ஆழத்துக்கு இறங்கி, குளிர்கால மழை விட்டுச்சென்ற ஈரத்தைத் தேடிக்கொள்கிறது. அந்தப் பாறையைக் கையால் உடைத்து, உடைந்த கற்களைக் கொண்டே சுவரெழுப்பி, சுவருக்குப் பின்னால் நிரவி உருவாக்கிய படிநிலங்களுக்குச் சொகால்கோ என்று பெயர். திராட்சை வேரை உண்டு கொடியை அழிக்கும் பைலாக்ஸெரா என்னும் நுண்பூச்சி 1860களில் இப்பள்ளத்தாக்கைத் தாக்கியபோது கைவிடப்பட்ட படிநிலங்கள் இன்றும் புதர் மண்டிக் கிடக்கின்றன; விளையும் தோட்டங்களுக்கு இடையே அவற்றை அடையாளம் கண்டுகொள்பவர், இங்கே விவசாயம் எவ்வளவு விலை கேட்டிருக்கிறது என்பதையும் கண்டுகொள்வார். மனித உழைப்பு உருவாக்கிய இந்த நிலத்தோற்றத்தை 2001ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

நிலத்தைப் போலவே சட்டமும் இந்த ஒயினை உருவாக்கியது. இங்கிலாந்துக்கும் போர்ச்சுக்கலுக்கும் இடையே 1703இல் ஏற்பட்ட மெத்வென் உடன்படிக்கை போர்ச்சுக்கல் ஒயினுக்குச் சுங்கச் சலுகை அளித்தது. தேவை பெருகியதும் வணிகர்கள் எல்டர்பெர்ரிப் பழச்சாற்றைக் கலந்து நிறமேற்றும் அளவுக்குக் கலப்படம் வளர்ந்து, இறுதியில் விலையும் நற்பெயரும் சரிந்தன. அப்போது முதலமைச்சராக விளங்கியவரும் பிற்காலத்தில் பொம்பால் பிரபு என்று அறியப்பட்டவருமான செபஸ்தியாவ் ஜோசே டி கார்வால்யோ, 1756இல் ஒரு வணிகக் கழகத்தை நிறுவி, எங்கே விளைந்த திராட்சையைப் போர்ட் ஒயினுக்குப் பயன்படுத்தலாம் என்பதற்கு எல்லை வகுத்து, அவ்வெல்லையில் கருங்கல் தூண்களை நடச்செய்தார். ஒயினுக்காக எல்லை வரையறுத்துக் கட்டுப்படுத்தப்பட்ட உலகின் மிகப் பழைய வட்டாரங்களில் இதுவும் ஒன்று. நட்ட தூண்களில் சில இன்னும் நிற்கின்றன. இன்றும் ஒவ்வொரு தோட்டத்துண்டும் அதன் உயரம், சரிவு, கொடியின் வயது முதலியவற்றுக்கு மதிப்பெண் பெற்றுத் தரம் பிரிக்கப்படுவதும், விளைச்சலில் எவ்வளவு போர்ட் ஆகலாம் என்பது ஆண்டுதோறும் அளவிட்டு அனுமதிக்கப்படுவதும் அந்த மரபின் தொடர்ச்சியே.

பயணத்தைப் போர்ட்டோவின் சாவ் பென்டோ நிலையத்தில், நீலவண்ண ஓடுகளில் வரலாற்றுக் காட்சிகள் தீட்டப்பட்ட அதன் முன்கூடத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு, இரயிலில் தொடங்குவதே சிறப்பு. பெரும்பகுதி ஆற்றோரமாகச் செல்லும் இப்பாதையில் கிழக்கு நோக்கிப் போகும்போது வலப்பக்க இருக்கை வேண்டும். ஃபெர்ராடோசா பாலத்தில் இரயில் தென்கரைக்கு மாறிய பின் ஆறு இடப்பக்கம் வந்துவிடும். கடைசி நிலையமான பொசின்யோவை அடைய ஏறத்தாழ மூன்றரை மணி நேரம் ஆகும். அங்கிருந்து எட்டும் தூரத்தில், திறந்தவெளிப் பாறைகளில் கற்கால மனிதர்கள் செதுக்கிய விலங்குருவங்கள் நிறைந்த கோவா பள்ளத்தாக்கு உள்ளது. 1990களில் கட்டத் தொடங்கிய அணையொன்று அவற்றை மூழ்கடிக்கவிருந்த நிலையில் அத்திட்டம் கைவிடப்பட்டு, 1998இல் அவ்விடம் உலக மரபுச் சின்னமானது. ஒயினுக்காகவே வருபவரும் இதற்கு ஒரு நாள் ஒதுக்குவது வீணாகாது.

அங்கிருந்து கீழிறங்கும் வழியிலுள்ள வலெய்ரா என்னும் குறுகிய மலையிடுக்கு, ஒரு காலத்தில் ஆற்றின் மிக ஆபத்தான விரைவோட்டம் இருந்த இடம். டோருவின் விரிவான வரைபடங்களைத் தயாரித்தவரும், ஒயினில் சாராயம் சேர்ப்பதைக் கடுமையாக எதிர்த்தவருமான ஜோசஃப் ஜேம்ஸ் ஃபாரெஸ்டர் 1861இல் அங்கே படகு கவிழ்ந்து இறந்தார். அதே படகில் சென்ற, பல தோட்டங்களுக்கு உரிமையாளரான டோனா அன்டோனியா ஃபெரைரா உயிர் தப்பினார். அவருடைய விரிந்த பாவாடையே அவரை மிதக்க வைத்தது என்பது அங்கு வழங்கும் கதை. 1970களில் கட்டப்பட்ட அணை அந்த விரைவோட்டத்தை மூழ்கடித்தது. ஒயின் பீப்பாய்களை ஏற்றிவந்த ராபெலோ என்னும் தட்டையடிப் படகுகளின் வேலையை இரயிலும் சாலையும் அதற்கு முன்பே எடுத்துக்கொண்டிருந்தன.

ஃபாரெஸ்டர் எதிர்த்த அந்த முறைதான் இன்று போர்ட்டின் அடையாளம். நசுக்கிய திராட்சையின் சர்க்கரை முழுவதும் மதுவாக மாறுவதற்கு முன்பே, இரண்டு மூன்று நாட்களில், 77 விழுக்காடு வீரியமுள்ள திராட்சைச் சாராயத்தை ஊற்றி நொதித்தலை நிறுத்திவிடுவதால், இனிப்பு எஞ்சுகிறது. வீரியமும் 20 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. நேரம் குறைவு என்பதால் நிறத்தையும் சாரத்தையும் விரைந்து பிழிந்தெடுக்க வேண்டியுள்ளது; லகார் எனப்படும் கருங்கல் தொட்டிகளில் மனிதர்கள் வரிசையாக நின்று கால்களால் மிதிக்கும் பழைய வழக்கம் சில தோட்டங்களில் இன்னும் நீடிப்பதற்கு இதுவே காரணம்; காட்சிக்காக மட்டும் செய்வதன்று. சாராயம் சேர்க்காத சாதாரண ஒயினிலும் இப்பகுதி பெயர் பெற்றிருக்கிறது. 1952இல் முதன்முதலாகத் தயாரான பார்கா வெல்யா அதற்கு முன்னோடி.

தங்குவதற்குப் பின்யாவ் ஏற்றது. அறுவடைக் காட்சிகள் தீட்டிய ஓடுகள் பதித்த அதன் இரயில் நிலையத்திலிருந்து பொன்ஃபிம் போன்ற தோட்டங்களுக்கு நடந்தே போகலாம். கிந்தா எனப்படும் இத்தோட்டப் பண்ணைகள் பலவும் முன்பதிவின்றி எவரையும் அனுமதிப்பதில்லை. ஒரு நாளில் இரண்டுக்கு மேல் திட்டமிடுவதும் தவறு. எதிர்க்கரையில் கண்ணுக்கெதிரே தெரியும் தோட்டத்துக்குக்கூடப் பாலங்கள் குறைவான இவ்வாற்றில் நெடுந்தூரம் சுற்றித்தான் போக வேண்டியிருக்கும். பின்யாவிலிருந்து பெசோ டா ரேகுவாவுக்கு ஆற்றை ஒட்டிச் செல்லும் என்222 சாலையின் அழகு பலரை வாடகைக் கார் எடுக்கத் தூண்டும்; ஆனால் இரத்தத்தில் மதுவின் அளவு லிட்டருக்கு 0.5 கிராமை எட்டினாலே போர்ச்சுக்கலில் வாகனமோட்டுவது குற்றம் என்பதால், சுவைக்கும் நாளில் ஓட்டுநரை அமர்த்திக்கொள்வதே முறை. சுவைத்த ஒயினை அதற்கென வைத்துள்ள பாத்திரத்தில் துப்பிவிடுவது அங்கே மரியாதைக் குறைவாகக் கருதப்படுவதில்லை. சைவ உணவினர் மட்டும் சற்று எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கால்டோ வெர்டே என்னும் கீரைச் சூப்பில்கூடப் பன்றியிறைச்சித் துண்டு மிதப்பது வழக்கம்.

அறுவடை நடக்கும் செப்டம்பர், அக்டோபர் தொடக்கம் ஆகியவை மிகச் சுவையான காலமும் மிக நெரிசலான காலமும் ஆகும். கூட்டம் வேண்டாதவர், மேல்பகுதியில் பாதாம் மரங்கள் பூக்கும் பிப்ரவரி இறுதியையோ, மே மாதத்தையோ தேர்ந்துகொள்ளலாம். ஜூலையும் ஆகஸ்டும் தவிர்க்கத்தக்கவை.

இறுதி நாள், போர்ட்டோவின் எதிர்க்கரையிலுள்ள விலா நோவா டி கையாவுக்கு உரியது. 1986 வரை போர்ட் ஒயினை இங்கிருந்தே ஏற்றுமதி செய்ய வேண்டும் என்று சட்டம் இருந்ததாலும், கடற்காற்றின் குளிர்ச்சி ஒயின் மெல்ல முதிர்வதற்கு உகந்ததாலும், வணிக நிறுவனங்களின் கிடங்குகள் இங்கே வரிசையாக அமைந்தன. மேல்ஆற்றின் வெயிலை உணர்ந்து வந்தவருக்கு இக்கிடங்குகளின் இருட்டு ஏன் தேவைப்பட்டது என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை. நல்ல விளைச்சல் ஆண்டில் மட்டும் எடுத்து, ஏறத்தாழ இரண்டாண்டு மரத்தில் வைத்துப் பின் புட்டியில் பல பத்தாண்டுகள் முதிரவிடும் விண்டேஜ் வகையையும், மரப்பீப்பாயிலேயே நீண்டகாலம் கிடந்து செம்பழுப்பாக வெளுத்த டானி வகையையும் அருகருகே வைத்துச் சுவைத்துப் பார்ப்பது நலம். திறந்த ஓரிரு நாட்களில் விண்டேஜ் தன் மணத்தை இழக்கத் தொடங்கும். டானி சில வாரங்கள் தாங்கும். இந்தியா திரும்பும் பயணி 2 லிட்டர் வரையே சுங்கவரியின்றி மது கொண்டுவரலாம் என்பதால், வீட்டில் சிறுகச் சிறுகப் பரிமாற எண்ணுபவர் 20 ஆண்டு டானியையே வாங்குவது பொருத்தம்.