தூண்டில் – 9: ஐந்தாவது சாவி

போன வாரம் போலி வங்கிக் குறுஞ்செய்தியோடு நிறுத்தினோம். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். போலி வேலை உத்தரவிலிருந்து தப்பும் வழிகளை இந்த வாரம் ஒன்றுவிடாமல் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் மூன்று நாளாக ஒரு சாவி என்னைத் தூங்கவிடவில்லை. ஆசிரியர் வேறு இரண்டு முறை போன் செய்துவிட்டார்.

வியட்நாமின் ஸ்கை மேவிஸ், ஆக்ஸி இன்ஃபினிட்டி என்ற விளையாட்டை நடத்தும் நிறுவனம். விளையாட்டில் புழங்கும் கிரிப்டோ பணம் வந்துபோக ரோனின் என்றொரு பாலம் வைத்திருந்தார்கள். அங்கே மூத்த பொறியாளர் ஒருவருக்கு லிங்க்ட்இன் வழியாக வேலை தேடி வந்தது. பல சுற்று நேர்காணல், கொழுத்த சம்பளம், கடைசியில் பிடிஎஃப்பில் உத்தரவு. இறக்கித் திறந்தார், கூடவே உளவு நிரலும் இறங்கியது. 'த பிளாக்' செய்தித் தளம் 2022 ஜூலையில் வெளியிட்ட கதை இது.

இனிதான் என் சாவி. ரோனினிலிருந்து பணம் எடுக்க அப்போது 9 சாவிகளில் 5 வேண்டியிருந்தது. திருடர்கள் கையில் சிக்கிய ஸ்கை மேவிஸ் சாவிகள் நான்குதான். ஐந்தாவது ஆக்ஸி டாவ் என்ற வேறொரு அமைப்புடையது. 2021 நவம்பரில் கூட்டம் தாங்காமல், தன் சார்பில் ஒப்பமிட ஸ்கை மேவிஸுக்கு அந்த அமைப்பு அனுமதி கொடுத்திருந்தது. டிசம்பரில் ஏற்பாடு முடிந்தது. அனுமதியை நீக்க யாருக்கும் தோன்றவில்லை!

சிரிக்காதீர்கள். நான் காலிசெய்து 11 வருஷமான வாடகை வீட்டின் மொட்டைமாடிச் சாவி இன்னும் என் மேசை டிராயரில் கிடக்கிறது. வீட்டுக்காரம்மா கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

2022 மார்ச் 23 அன்று 1,73,600 ஈதர், 2.55 கோடி யுஎஸ்டிசி என இரண்டு வகைக் கிரிப்டோ பணம் போயிற்று. இரண்டே பரிவர்த்தனை. ஆறு நாள் யாரும் கவனிக்கவில்லை. 5,000 ஈதர் எடுக்க முடியவில்லை என்று ஒருவர் முறையிட்ட பிறகுதான் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். வடகொரியாவின் லாசரஸ் குழுவின் வேலை என்றது எஃப்பிஐ.

ஆக, அந்தப் பொறியாளரை மட்டும் திட்டுவது நியாயமில்லை. எழுத்துப்பிழையை வைத்துப் போலியைக் கண்டுபிடிக்கலாம் என்று இன்னும் சொல்கிறார்களே, பல சுற்று நேர்காணல் நடத்துகிறவனுக்கு எழுத்துப்பிழையா வரும்? அழைத்த நிறுவனத்தின் எண்ணை நீங்களே தேடிப் பிடித்துக் கேளுங்கள். அலுவலகச் சாவிகள் உள்ள கணினியில் வேலை உத்தரவைத் திறக்காதீர்கள். தேர்வு என்று சொல்லி அவர்கள் தரும் நிரலை ஓட்டவே ஓட்டாதீர்கள். ஸ்பெயினில் ஒரு விமானத் தொழில் நிறுவன ஊழியருக்கு, மெட்டாவிலிருந்து பேசுவதாகச் சொல்லி இதே லாசரஸ் குழு அப்படி இரண்டு நிரல் கொடுத்தது. ஒன்று திரையில் 'ஹலோ, வேர்ல்ட்!' என்று காட்டியது, மற்றது ஃபிபொனாச்சி எண்களை வரிசையாக அச்சிட்டது. பின்னால் கள்ளன் உள்ளே நுழைந்துகொண்டிருந்தான்.

லேப்டாப்புக்கு முன்பணம், பதிவுக் கட்டணம் என்று காசு கேட்கும் கூட்டம் அடுத்த வாரத்துக்குப் போகிறது. ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். இப்போதே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.