விசர்நாய்க்கடி வைரஸ்: சத்தமில்லாமல் மூளைக்குச் செல்லும் வழி

விசர்நாய் கடித்த காயம் ஆறிவிடும். கடிபட்டவர் வழமைபோல வேலைக்குப் போவார். பிள்ளையென்றால் பள்ளிக்கூடம் போகும். பெரும்பாலும் இரண்டு, மூன்று மாதங்களுக்கு எந்த அறிகுறியும் தெரியாது. சிலருக்கு ஒரு வாரத்திலேயே தொடங்கலாம், சிலருக்கு ஒரு வருடமும் செல்லலாம். தொடங்கிவிட்டாலோ உயிர் தப்புவது ஏறக்குறைய முடியாத காரியம். இந்த இடைவெளியில் 'ஒன்றுமில்லை' என்று நம்பி ஊசியைத் தவறவிடுவதுதான் ஆபத்து. அந்த நாட்களில் வைரஸ் என்ன செய்கிறது?

தலைகீழாக எழுதப்பட்ட கட்டளை

இந்த வைரஸின் மரபுத் தகவல் முழுவதும் ஏறத்தாழ 12,000 எழுத்துகள் கொண்ட ஒரேயொரு ஆர்என்ஏ இழையில் இருக்கிறது. அதில் ஐந்து பரம்பரையலகுகள் மட்டுமே. இது 'எதிர் இழை' வகையைச் சேர்ந்தது. சின்னமுத்து, கூகைக்கட்டு, நிபா, எபோலா வைரஸ்களும் இதே வகைதான்.

எதிர் இழையைக் கிராம சேவையாளரின் இறப்பர் முத்திரையோடு ஒப்பிடலாம். முத்திரையில் எழுத்துகள் தலைகீழாக இருக்கும். கடதாசியில் குத்தினால்தான் வாசிக்க முடியும். அதுபோல எதிர் இழையை எங்கள் உடற்கலங்களால் நேரடியாக வாசித்துப் புரதம் தயாரிக்க முடியாது. அதைப் பிரதியெடுக்கும் நொதியமும் எங்கள் கலங்களில் இல்லை. எனவே வைரஸ் அந்த நொதியத்தைத் தன்னோடு சுமந்துகொண்டுதான் கலத்துக்குள் நுழைகிறது. வெறும் இழை மட்டும் உள்ளே போனால் நோய் உண்டாகாது.

வரிசையே கட்டுப்பாடு

நொதியம் இழையின் ஒரு முனையில் ஏறி, என், பி, எம், ஜி, எல் என்ற வரிசையில் ஐந்து பரம்பரையலகுகளையும் வாசிக்கிறது. ஒவ்வொன்றின் முடிவிலும் 'நில்' என்ற குறியீடு உண்டு. அங்கே சில நொதியங்கள் கழன்றுவிடும். கழன்றது திரும்பவும் முதல் முனையில்தான் ஏற வேண்டும். யாழ்ப்பாணத்தில் நிறைந்து புறப்படும் பஸ்ஸில் சாவகச்சேரி, கொடிகாமம், பளை என்று ஆட்கள் இறங்க, புதிதாக ஒருவரும் ஏறாவிட்டால் கிளிநொச்சிக்குச் சிலர்தான் போய்ச் சேருவார்கள். அதுபோல முதலிலுள்ள என் புரதம் மிக அதிகமாகவும், கடைசியிலுள்ள எல் மிகக் குறைவாகவும் உருவாகின்றன. எல் என்பதுதான் அந்த நொதியம். அது கொஞ்சம் இருந்தாலே போதும்.

1998 இல் அமெரிக்க ஆய்வாளர்கள், கால்நடைகளைத் தாக்கும் இதன் உறவு வைரஸ் ஒன்றில் என் பரம்பரையலகை முதலிடத்திலிருந்து பின்னுக்கு நகர்த்திப் பார்த்தார்கள். பின்னுக்குப் போகப் போக வைரஸின் பெருக்கமும் வீரியமும் குறைந்தன.

வாசிப்பிலிருந்து பிரதியெடுப்புக்கு

என் புரதம் போதியளவு சேர்ந்ததும் புதிதாக உருவாகும் ஆர்என்ஏ இழையை உடனுக்குடன் போர்த்தத் தொடங்குகிறது. அப்போது நொதியம் 'நில்' குறியீடுகளைப் பொருட்படுத்தாமல் முழு இழையையும் ஒரே ஓட்டத்தில் பிரதியெடுக்கிறது. அந்த நேர்ப் பிரதியிலிருந்து புதிய எதிர் இழைகள் உருவாகின்றன. எம் புரதம் வாசிப்பைக் குறைத்துப் பிரதியெடுப்பைக் கூட்டுகிறது. பின்னர் என் போர்த்திய இழையை இறுக்கமான சுருளாக்கிப் பொதி செய்கிறது. கலத்தின் கொழுப்பு மென்சவ்வைப் போர்த்திக்கொண்டு, மேலே ஜி புரத முட்களோடு வைரஸ் வெளியேறுகிறது. அதன் வடிவம் துப்பாக்கிச் சன்னம் போன்றது.

மௌனத்தின் காரணம்

நோயெதிர்ப்புச் சக்தி முக்கியமாக அடையாளம் காண்பது ஜி புரதத்தைத்தான். அது மிகுதியானால் நரம்புக்கலம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். வைரஸின் பாதையும் அறுந்துவிடும். நாய்களிடையே பரவும் வைரஸ்கள் ஜி புரதத்தை அளவோடுதான் தயாரிக்கின்றன. பி புரதம் கலத்தின் அபாய அறிவிப்பை அடக்குகிறது. இவ்வாறு நரம்புகளைக் கொல்லாமல், உடலை உசுப்பாமல் வைரஸ் மூளையை நோக்கி நகர்கிறது. உடல் விழித்துக்கொள்ளும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிடும்.

ஆனால் இந்த மெதுவான பயணமே எங்களுக்குக் கிடைக்கும் அவகாசம். வைரஸ் மூளையை அடையுமுன் தடுப்பூசி உடலுக்கு ஜி புரதத்தை அறிமுகப்படுத்திவிடுகிறது. அதனால் எதிர்ப்புச் சக்தி முந்திக்கொள்கிறது. கொழுப்புப் போர்வையைச் சவர்க்காரம் கரைத்துவிடும் என்பதால்தான், காயத்தை ஓடும் தண்ணீரில் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவும்படி சொல்கிறார்கள்.

மனிதருக்கு இந்நோய் வருவது பெரும்பாலும் நாய்களிடமிருந்துதான். கட்டாக்காலி நாயோ வீட்டு நாயோ, கடித்தாலும் பிறாண்டினாலும் காயத்தில் மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதையும் பூச வேண்டாம். கழுவிவிட்டு அன்றைக்கே அரச வைத்தியசாலைக்குப் போங்கள்; அங்கே ஊசி இலவசம். வைத்தியர் சொல்லும் ஊசிகள் அத்தனையையும் போட்டு முடியுங்கள். காயம் ஆறிவிட்டது என்பதற்காக இடையில் நிறுத்தக்கூடாது.